திதி பார்த்துப் படம் தேர்ந்தெடுப்பது: திருப்பூரில் உட்கார்ந்து பழவேற்காடு ஏரியைக் கவனித்த பதிவு

பழவேற்காடு ஏரி சுருங்கிவிட்டது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்டுவது ரொம்பச் சுலபம். விரிந்துவிட்டது என்று காட்டுவதும் அதே அளவு சுலபம். எந்த இரண்டு தேதிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடலோரக் காயல்களில் இந்தத் தேதிச் சிக்கலைக் கழற்ற நான் பயன்படுத்தும் வழியை இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய கணினி எதுவும் வேண்டாம். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் ஒரு கணக்கு, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஒரு எக்செல் தாள், சுவரில் ஒரு தினசரி காலண்டர். கடைசியாகச் சொன்னதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை, பின்னால் வரும்.

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி ஒன்றில் கணினி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கப் போவது வழக்கம். குளிர்காலத்தில் வண்டி பிடித்துப் பழவேற்காடு வரை போய்ப் பூநாரை பார்த்துவிட்டு வருவோம். நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, அதே அறிவிப்பில் மரக்காணம் பக்கத்துக் கழுவேலியும் சேர்ந்தது. நம்மூர்க் குளமும் கடலோரச் சதுப்பும் ஒரே தாளில் வந்ததைப் பார்த்த பிறகுதான், குளத்து நீர்ப்பரப்பை அளக்க எழுதி வைத்திருந்த நிரலைக் கடலோரத்துக்கும் ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

குளத்தில் செய்தது

நிரலின் அடிப்படை எளிது. தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பச்சைக்கு பி3 என்ற அலைவரிசை, அண்மை அகச்சிவப்புக்கு பி8. பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, அந்த வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க்குறியீடு கிடைக்கும். 1996-ல் மெக்ஃபீட்டர்ஸ் சொன்ன சூத்திரம், இன்றைக்கும் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நீர், கீழே போனால் நிலம் அல்லது செடி.

எல்லைக்கோட்டைக் கையால் வரையலாம். நான் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் வெளியிட்டிருக்கும் உலக மேற்பரப்பு நீர் வரைபடத்திலிருந்து, 1984 முதல் ஒருமுறையாவது நீர் நின்ற இடம் எல்லாவற்றையும் எடுத்து, அதைக் கொஞ்சம் சுத்தம் செய்து எல்லையாக வைத்துக்கொண்டேன்.

இதில் எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. நஞ்சராயன் குளத்தின் ராம்சர் பரப்பு சுமார் 125 ஹெக்டேர். சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்பதால் குளம் மொத்தமே 12,500 புள்ளிதான். கச்சிதமான வட்டக் குளம் என்று வைத்தாலும் சுற்றளவு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வரும். ஆக, கரையோரத்தில் 400 புள்ளிகள் பாதி நீரும் பாதி மண்ணுமாக நிற்கும். அது 4 ஹெக்டேர், மொத்தத்தில் 3 சதவீதம் சொச்சம். நிஜக் குளம் கோணல்மாணலாக இருப்பதால் இதற்கும் மேலே போகும். 30 மீட்டர் புள்ளி கொண்ட அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோளில் அதே விளிம்பு 12 ஹெக்டேரைத் தின்றுவிடும், கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. லேண்ட்சாட்டை வைத்து "குளம் 5 சதவீதம் சுருங்கியது" என்று யாராவது சொன்னால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

குளத்தில் வரும் இன்னொரு தலைவலி ஆகாயத்தாமரை. கோவை சிங்காநல்லூர் குளத்துக்கு நிரலை ஓட்டினால் சில மாதங்களில் நீர்ப்பரப்பு சட்டென்று இறங்கிவிடும். நேரில் போய்ப் பார்த்தபோது கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரே வரியில் தீர்த்து வைத்தார்: "வத்தலீங்க தம்பி, மூடிக்கிச்சுங்க. அடியில ஆளு முங்கற தண்ணி கெடக்குதுங்க."

செடி மூடிய நீரும், நீர் வற்றிய தரையில் முளைத்த சீமைக்கருவேலும் குறியீட்டுக்கு ஒன்றுதான், இரண்டும் பச்சை. பிரித்துப் பார்க்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடித்துத் தள்ளும். மிதக்கிற தாமரை ஐந்து நாளில் இடம் மாறிக் கிழக்குக் கரையில் ஒதுங்கிவிடும். கருவேல மரம் எங்கே போகும்? அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, இடம் மாறிய பச்சையைத் தனியாகக் குறித்து, அதையும் நீர்ப்பரப்பிலேயே சேர்த்தேன். காற்றில்லாத மாசத்தில் இது வேலைக்காகாது. அப்போது நேரில் போவதுதான் வழி.

2022 ஜனவரியில் ஒரு பள்ளம்

பல வருடப் படங்களை வரிசையாக ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது ஒருமுறையாவது வரும். 2022 ஜனவரி கடைசியில் வரைபடத்தில் ஒரு படிக்கட்டு தெரியும். அதற்கு முன் நீர் இருந்த இடமெல்லாம் அதற்குப் பின் அரை நீராகத் தெரியும். எந்தக் குளத்தை எடுத்தாலும், எந்தக் காயலை எடுத்தாலும் அதே தேதியில் அதே படி.

காரணம் தண்ணீரில் இல்லை, கோப்பில் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2022 ஜனவரி 25 முதல் செயலாக்க முறையை 04.00 பதிப்புக்கு மாற்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் எண்ணிலும் 1000 கூட்டி வைத்திருப்பார்கள், எடுத்துப் பயன்படுத்துகிறவர் கழித்துக்கொள்ள வேண்டும். ரொம்ப இருட்டான புள்ளிகள், குறிப்பாக நீர்ப்பரப்பு, காற்றுமண்டலத் திருத்தம் செய்யும்போது பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். கழிக்க மறந்தால் மட்டும் வினை.

எவ்வளவு வினை என்று எண்ணில் பாருங்கள். தெளிந்த நீரில் பச்சை 600, அகச்சிவப்பு 300 என்று வையுங்கள். குறியீடு 300 வகுத்தல் 900, அதாவது 0.33. இரண்டிலும் 1000 கூடினால் 1600, 1300. குறியீடு 300 வகுத்தல் 2900, வெறும் 0.10. மேலே வித்தியாசம் மாறவில்லை, கீழே கூட்டுத்தொகை வீங்கிவிட்டது. இதற்கு மேல் நீர் என்று பிரிக்கும் வரம்பை 0.2 என்று வைத்திருந்தவருக்கு ஏரியே ஒரே நாளில் காணாமல் போயிருக்கும். சரியாகப் பூஜ்யத்தில் வைத்திருந்தவருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, ஏனென்றால் எதைக் கூட்டினாலும் வித்தியாசத்தின் குறி மாறாது. இதனால்தான் சிலர் "எனக்கு அப்படி எதுவும் வரவில்லையே" என்பார்கள்.

எர்த் எஞ்சினில் பெயரின் கடைசியில் "ஹார்மனைஸ்டு" என்று இருக்கும் தொகுப்பை எடுத்தால் கழித்தே தருவார்கள். கோப்பாகப் பதிவிறக்குகிறவர்கள் ஒவ்வொன்றின் விவரக்கோப்பையும் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள். பழைய படங்களையும் புதிய முறையில் திரும்பச் செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள், ஆகவே தேதியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

இன்னொரு சின்ன விஷயம், கியூஜிஐஎஸ்காரர்களுக்கு. 78 டிகிரி தீர்க்கரேகை நம் கொங்கு நாட்டை ஊடறுத்துப் போகிறது. யூடிஎம் என்ற வரைபட ஆயமுறையில் கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் 43-ஆம் மண்டலம். கரூர், நாமக்கல், சேலம் 44. பழவேற்காடும் 44. நம்மூர்க் குளத்துக்கு அமைத்த திட்டத்தை அப்படியே நகலெடுத்துக் கடலோரத்துக்குப் போட்டால் பரப்பளவுக் கணக்கு லேசாக உதைக்கும். மண்டலத்தை மாற்றிவிடுங்கள்.

கடலோரத்தில் நின்றுபோன இடம்

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல், முதலாவது ஒடிசாவின் சிலிகா. ஆரணி, காளங்கி, சொர்ணமுகி ஆறுகள் வந்து சேர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு சுவர் போலக் கடலை மறித்து நிற்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டில். ரொம்ப ஆழமில்லாத ஏரி. அந்த ஆழமின்மைதான் நம் கணக்குக்கு எமன்.

குளத்து நிரலை ஓட்டியதும் பரப்பளவு வரைபடம் ரம்பப் பல் மாதிரி வந்தது. ஒரு படத்தில் ஏறும், அடுத்த படத்தில் இறங்கும், மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடலின் ஏற்றவற்றம்தான் அது. சென்னைக் கடலோரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். முகத்துவாரம் தாண்டி உள்ளே வரும்போது அது குறைந்துவிடும், ஆனாலும் சேற்றுத் திட்டு ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் படுத்திருந்தால், 10 சென்டிமீட்டர் நீர் ஏறினாலே விளிம்பு 100 மீட்டர் நகரும். படத்தில் அது 10 புள்ளி. அங்கே "சுருங்கியது", "விரிந்தது" என்பதெல்லாம் படம் எடுத்த நேரத்தில் கடல் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

சராசரி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பலரும் மாதம் முழுக்க உள்ள படங்களைச் சேர்த்து நடுமதிப்பு எடுப்பார்கள். குளத்துக்கு அது பரவாயில்லை. காயலுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்க்ரீன் பிரிண்டில் பதிவு தவறினால் நிறத்தின் மேல் நிறம் ஏறி எழுத்தே அழிந்துபோவது மாதிரி, இடம் மாறிக்கொண்டே இருக்கும் முகத்துவாரம் நடுமதிப்பில் மறைந்தே போகும். திறந்திருந்த வாய் மூடியது போலத் தெரியும்.

காலண்டர் இங்கேதான் வருகிறது.

சென்டினல்-2 சூரிய நேரத்தோடு ஒத்திசைந்த பாதையில் பூமியைச் சுற்றுகிறது. நம் பக்கம் எப்போதும் காலை பத்தே முக்கால் வாக்கில்தான் கடந்துபோகும். கடிகார நேரம் மாறாது. ஏற்றம் வரும் நேரமோ சந்திரனைப் பின்பற்றி நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பதினைந்து நாள் கழித்து அது சுற்றி அதே நேரத்துக்கு வந்துவிடும். ஆக, காலை பத்தே முக்காலுக்குக் கடல் எந்த நிலையில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அன்றைய திதி. வளர்பிறையா தேய்பிறையா என்பது பெரிதாகக் கணக்கில்லை, ஏனென்றால் நம் கிழக்குக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

எக்செல் தாளில் ஒவ்வொரு படத் தேதிக்குப் பக்கத்திலும் ஒரு பத்தி சேர்த்தேன். தினசரி காலண்டரைப் பார்த்துப் பிரதமை என்றால் 1, துவிதியை 2, இப்படிப் போய் அமாவாசையும் பௌர்ணமியும் 15. பழைய வருடங்களுக்குப் பஞ்சாங்கம் இணையத்திலேயே கிடைக்கிறது. அப்புறம் வடிகட்டியைப் போட்டு, ஒரே திதி எண், முன்பின் ஒன்று இருந்தாலும் சரி, ஒரே தமிழ் மாதம் என்று தேர்ந்தெடுத்தால் ரம்பப் பல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மிச்சம் நிற்பதுதான் ஏரியின் மாற்றம்.

இதில் இயற்கையாகவே ஒரு சலுகையும் உண்டு. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை வருகின்றன. மூன்றாவது முறை வரும்போது 15 நாள் ஆகிவிடும், சந்திரக் கணக்கில் அரை மாதம் 14.77 நாள். அதனால் ஒரு பருவத்துக்குள் படங்கள் தானாகவே மூன்று கட்டாகப் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே கடல் நிலை. 15 நாளுக்குக் கால் நாள் வீதம் அது நழுவும் என்பதால் போன வருடக் கட்டை இந்த வருடத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. திதியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

லேண்ட்சாட்டில் இந்தச் சொகுசு இல்லை. 16 நாளுக்கு ஒருமுறை வருவதால் ஒவ்வொரு படமும் ஒன்றேகால் நாள் தள்ளித் தள்ளிப் போகும். பன்னிரண்டு படத்தில் ஒரு சுற்று, ஏறக்குறைய ஆறு மாதம். மழையே பெய்யாமல், ஆறே ஓடாமல், ஏரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீங்கி வடிவது போல வரைபடத்தில் ஓர் அலை வரலாம். 1980-களின் பிற்பகுதியிலிருந்து இன்றுவரை ஒப்பிட லேண்ட்சாட்டை விட்டால் வேறு வழி கிடையாது என்பதால் அங்கே திதி பார்ப்பது இன்னும் அவசியம்.

ஏரி முழுவதற்கும் திதி மருந்தில்லை. முகத்துவாரத்திலிருந்து வடக்கே போகப் போகக் கடலின் பிடி தளர்ந்து, காற்றும் மழையும்தான் நீரை நகர்த்துகின்றன. அதனால் ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டேன். தெற்குத் துண்டுக்குத் திதி, வடக்குத் துண்டுக்குப் பருவம் மட்டும். கோடையில் வடக்கே உப்புப் பூத்த சேறு வெள்ளை வெளேரென்று கிடக்கும். அங்கே பி3-யோடு பி8-க்குப் பதில் குற்றலை அகச்சிவப்பான பி11-ஐப் போடும் குறியீட்டை நான் பயன்படுத்துவதில்லை, ஈரச் சேற்றையும் அது நீர் என்று சொல்லிவிடும். கரையோர இறால் பண்ணைகளையும் உப்பளங்களையும் கையாலேயே வரைந்து வெட்டி எறிந்தேன். சதுரம் சதுரமாக இருப்பதால் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும்.

ஆனால் பி11 இன்னொரு வேலைக்கு ரொம்பப் பயன்படும். சித்திரை, வைகாசியில் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நீர்ப்பரப்பு பளபளத்து ஒளி நேராகக் கேமராவுக்குள் போய்விடும். அந்தப் படத்தில் நடு ஏரியே நிலம் மாதிரி தெரியும். சாதாரணமாக நீருக்கு பி11 பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நடு ஏரியில் ஒரு சதுரம் வரைந்து அதன் பி11 சராசரி தூக்கலாக இருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுகிறேன். பளபளப்புத் திருத்தச் சூத்திரங்கள் உண்டு. எனக்கு ஐந்து நாளில் அடுத்த படம் வருகிறது, எதற்கு வம்பு.

வாய் திறந்ததா, மூடியதா

இவ்வளவையும் செய்து ஒரு வரைபடம் தயாரித்துப் பழவேற்காட்டில் படகு ஓட்டும் நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "அண்ணே, ஏரி எவ்ளோ பெருசுன்னு எங்களுக்குத் தெரியும். வாய் எந்த மாசம் அடைபடுது, எவ்ளோ நாள் மூடிக் கெடக்குது, அதச் சொல்ல முடியுமா?"

நியாயமான கேள்வி. காயலின் உயிர் அதன் வாயில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டே போகும். ஆற்றில் வரத்து இல்லாத மாதங்களில் அந்த மணல் வாயில் திட்டாகப் படிந்து அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும். மூடிக்கிடக்கும் நாட்களில் கடல் இறாலும் மீன்குஞ்சும் உள்ளே வர வழியில்லை, நீரின் உப்பும் மாறிப்போகும், படகும் கடலுக்குப் போக முடியாது. சிலிகாவில் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டிய பிறகுதான் உப்பும் மீனும் மீண்டன, 2002-ல் ராம்சரின் ஆபத்துப் பட்டியலான மாண்ட்ரோ பதிவேட்டிலிருந்தும் அது நீங்கியது. இதெல்லாம் தெரிந்தும் பரப்பளவையே பிடித்துத் தொங்குவதில் அர்த்தம் இல்லை என்று பட்டது.

வாயைக் கவனிக்கும் நிரல் பரப்பளவு நிரலைவிடச் சின்னது. மணல் திட்டை ஒட்டி, ஏரிப்பக்கமும் கடல்பக்கமும் கொஞ்சம் சேர்த்து, நீளமாக ஒரு செவ்வகம். அதற்குள் நீர்ப்புள்ளிகளை மட்டும் வைத்து, ஏரிப்பக்கத்து நீரிலிருந்து கடல்பக்கத்து நீர்வரை புள்ளி விடாமல் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் திறப்பு, இல்லாவிட்டால் மூடல். தனித்தனிப் படம்தான், சராசரி கிடையாது. 10 மீட்டர் புள்ளியில் இரண்டு மூன்று புள்ளிக்குக் குறைந்த கால்வாயை நம்ப முடியாது, அதனால் 30 மீட்டருக்குக் குறுகியதையெல்லாம் "சந்தேகம்" என்றே எழுதுகிறேன்.

இங்கே வந்த கோளாறு நுரை. வாயில் அலை உடையும்போது வெள்ளை நுரை எல்லா நிறத்திலும் பளீரென்று தெரியும், குறியீடு அதை மணல் என்று எடுத்துக்கொள்ளும். நல்ல அலை உள்ள நாளில் திறந்திருக்கும் வாயையே மூடியதாகக் காட்டிவிடும். மறுபடியும் பி11 கைகொடுத்தது. காய்ந்த மணல் குற்றலை அகச்சிவப்பில் நன்றாக ஒளிரும், நுரை அந்த அளவுக்கு ஒளிராது. பி3-ல் வெளிச்சமாகவும் பி11-ல் மங்கலாகவும் இருக்கும் புள்ளிகளை நீர்ப்பக்கம் சேர்த்த பிறகு பொய் மூடல்கள் குறைந்தன. பி11 20 மீட்டர் புள்ளி என்பதால் ஓரத்தில் கொஞ்சம் பிசிறும். அதற்கு இப்போதைக்கு மருந்தில்லை.

திதிப் பத்தி இங்கேயும் உதவுகிறது. தெற்குத் துண்டில் மூன்று கட்டுப் படங்களுக்கும் இடையே விளிம்பு ஏறி இறங்கினால் கடல் உள்ளே வந்துபோகிறது. மூன்றும் ஒரே மாதிரி கிடந்தால் வாய் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். செவ்வகச் சோதனையும் இதுவும் ஒத்துப்போனால்தான் "மூடல்" என்று உறுதியாக எழுதுவேன்.

மழைக்காலத்தில் என்ன செய்வது

வாய் உடைவது ஐப்பசி, கார்த்திகையில். மேகம் மூடுவதும் அப்போதுதான். பார்க்க வேண்டிய நேரத்தில் சென்டினல்-2-க்குக் கண் தெரியாது. அதனால் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் சென்டினல்-1 ரேடாரை எடுத்தேன். அமைதியான நீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறித்துவிடுவதால் கருப்பாகத் தெரியும். காற்றடித்துச் சிற்றலை எழும்பினால் வெளுத்து நிலம் போல ஆகிவிடும். அதன் அலைநீளம் 5.5 சென்டிமீட்டர், அந்த அளவுச் சிற்றலைக்குச் சின்னக் காற்று போதும். நஞ்சராயன் குளத்தில் ஆடி மாதப் படத்தை எடுத்துப் பார்த்தாலே தெரியும், காற்றாலை நன்றாகச் சுற்றும் நாளில் குளமும் வெளுத்திருக்கும். விவி, விஎச் என்று இரண்டு துருவமுனைப்பில் (ரேடார் அலை அதிரும் திசை) விஎச் இந்தக் காற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆடுகிறது, ஆனால் படத்தில் பொரிப்பொரியாக இரைச்சல் அதிகம். இப்போதைக்கு விஎச்-ஐ மென்மையாக்கிப் பயன்படுத்துகிறேன்.

2025 ஜூலை 30-ல் ஏவிய நிசார் செயற்கைக்கோளில் நாசாவின் எல்-பேண்ட் ரேடாரும் இஸ்ரோவின் எஸ்-பேண்ட் ரேடாரும் இருக்கின்றன. அலைநீளம் அதிகம் என்பதால் சிற்றலைத் தொல்லை குறையும் என்று எதிர்பார்க்கிறேன். அது கிளம்பிப் போனது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அதாவது இதே ஏரியின் கரைத் தீவிலிருந்து. 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் வாய் உடைந்த நாளைச் சரியாகப் பிடிக்க அதுவும் போதாது.

பச்சையம் அளக்கும் குறியீட்டையும் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். ஆழமில்லாத காயலில் தரையும் அடியில் உள்ள புல்லும் நீர் வழியாகத் தெரிவதால், அந்த எண் பாசியைச் சொல்கிறதா தரையைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியவில்லை. நீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க ஆள் இருந்தால் ஒழிய அதில் இறங்க வேண்டாம்.

இப்போது தாளில் தேதி, திதி, பி11 சோதனை, தெற்குத் துண்டு விளிம்பு, வாய் என ஐந்து பத்திகள். ஆறாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். படகுத்துறைத் தூண் ஒன்றில் நண்பர் பெயின்ட்டால் அரை அடிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார். செயற்கைக்கோள் வரும் தேதிகளை நான் மாத ஆரம்பத்திலேயே அனுப்பிவிடுகிறேன். அன்று காலை பத்தே முக்காலுக்குக் கரையில் இருந்தால் தூணைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறார், கடலில் இருந்தால் அவர் பையன் எடுக்கிறான். கோட்டைப் படித்துத் தாளில் ஏற்றிக்கொள்கிறேன். பையனுக்குப் பள்ளி உள்ள நாட்களில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது.